வேன் முந்துகிறது!

பதினேழு வயது முடிகிற வரையிலே சிவகாசிச் சீமையில் ஒரு பிள்ளைக்குக் காவலர் பலர் உண்டு. சட்டம் ஒரு காவலர். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒரு காவலர். தொழிலாளர் துறை ஆய்வாளர், பள்ளித் தலைமையாசிரியர், மாவட்ட ஆட்சியர் என்று வரிசை நீளும். "வெடிமருந்துப் பக்கம் போகாதே!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். நல்லது, மகிழ்கிறோம். ஆனால் பதினெட்டு நிறைந்த மறுநாள் காலையில் பாருங்கள் விந்தையை! காவலர் அத்தனை பேரும் கடமை முடிந்தது என்று கதவைச் சாத்திக் கொள்கிறார்கள். பொழுது புலருமுன்னே, கரிசல்காட்டுக் கிராமத்தின் முச்சந்தியில், வேன் வந்து நிற்கிறது.

அது 'பயர் ஆபீஸ்' வேன். வெளியூர்த் தோழர்கள் ஆபீஸ் என்றவுடன் மேசையையும் மின்விசிறியையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத் 'தீப்பெட்டி ஆபீஸ்', பட்டாசுத் தொழிற்சாலைக்குப் 'பயர் ஆபீஸ்' என்பது அந்த வட்டாரத்துப் பேச்சு. நாற்காலி இல்லாத ஆபீஸ் அது. தரையிலே அமர்ந்து, தாளைச் சுருட்டி, குழாயில் மருந்து அடைத்து, திரி செருகி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஆபீஸ்.

பதினெட்டு வயது என்பது இன்னோர் இடத்துக்கும் உரிய வயது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளை கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய வயதும் அதுதான். இருவழியும் பிரியும் அந்த முச்சந்திக்கு முதலில் வந்து சேருவது வேனா, கல்லூரிக்குப் போகும் அரசுப் பேருந்தா? விருதுநகர் மாவட்டத்தின் உயர்கல்வியைப் பற்றி அறிக்கைகள் பல எழுதப்படுகின்றன. அத்தனையையும் பிழிந்தால் மிஞ்சுவது இந்த ஒரு கேள்விதான் என்பது நமது எண்ணம்.

கல்வி அந்தச் சீமைக்கு அயலார் கொண்டுவந்து கொடுத்த பண்டமன்று. விருதுபட்டி என்று வழங்கிய அந்த ஊரிலே 1885ஆம் ஆண்டில் சத்திரிய வித்தியாசாலை தோன்றியது. சர்க்கார் கொடுத்த மானியத்தில் எழுந்ததல்ல அது. கடைவீதியிலே வணிகர்கள் தங்கள் வரவில் ஒரு சிறு பகுதியை 'மகமை' என்று ஒதுக்கினார்கள். வீட்டிலே தாய்மார்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டு வைத்தார்கள். பிடி அரிசியில் எழுந்த பள்ளிக்கூடம்! கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சமுதாயம், தெருவிலே நடக்கவும் வழக்காட வேண்டியிருந்த ஒரு சமுதாயம், 1899இல் சிவகாசிக் கலவரத்தின் தீயைக் கண்ட ஒரு சமுதாயம், தன்னை உயர்த்திக் கொள்ளக் கையிலெடுத்த கருவி பலகையும் பல்பமும். அந்த மண்ணிலேதான் 1931இல் சுயமரியாதை மாநாடு கூடியது என்றால் அது தற்செயல் அல்ல.

அந்தப் பிடி அரிசிப் பள்ளியிலே படித்து, ஆறாம் வகுப்போடு நின்ற ஒரு சிறுவர், பிற்காலத்தில் முதலமைச்சராகி, ஊருக்கு ஊர் பள்ளிகளைத் திறந்தார். 1967ஆம் ஆண்டில் அதே விருதுநகரில், அதே காமராசரை, 1,285 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர் நமது அணியின் மாணவர் தலைவர் சீனிவாசன். அரசியல் களத்தில் மோதினோம், மறைக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்துவிட்ட கரத்தைக் குறைகூற நமக்கு நா எழாது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே தியாகராயர் தொடங்கி வைத்த மதிய உணவு, 1956இல் காமராசர் காலத்தில் நாடெங்கும் பரவி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகி, 2022இல் ஸ்டாலின் காலத்தில் காலைச் சிற்றுண்டியாகவும் வளர்ந்தது. கட்சி மாறியது, கொடி மாறியது, பந்தி மட்டும் நிற்கவில்லை. சோறு போட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்த நாடு இது.

பள்ளிக்கு அழைக்கச் சோறு போதும். கல்லூரிக்கு அழைக்க என்ன வேண்டும்?

கட்டடம் வேண்டும் என்றால், அது இருக்கிறது. விருதுநகரில் 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரி. 1962இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி. சிவகாசியில் 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968இல் ஸ்டாண்டர்டு பயர்வொர்க்ஸ் இராசரத்தினம் பெண்கள் கல்லூரி. பட்டாசின் பெயரையே நெற்றியில் தாங்கிய பெண்கள் கல்லூரி உலகில் வேறெங்கேனும் உண்டோ, நாம் அறியோம்! 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும், மழையை நம்பிய ஒரு வறண்ட பூமியிலே தொழிலை நட்டார்கள். அந்தத் தொழிலின் இலாபத்திலிருந்து கல்லூரிகள் முளைத்தன. பாராட்டுகிறோம். முதலாளி என்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் நமக்கில்லை.

ஆனால் அறக்கட்டளையின் கல்லூரி வேறு, ஊராரின் கல்லூரி வேறு. அறக்கட்டளை எவ்வளவு நல்லெண்ணத்தோடு நடத்தினாலும் உதவி பெறும் இடங்கள் இத்தனை, சுயநிதி இடங்கள் இத்தனை என்று வரம்பு கட்டத்தான் வேண்டும். சுயநிதி வகுப்பின் கட்டணத்தைத் திரி செருகும் தாய் எங்கிருந்து கட்டுவாள்? அதனாலேதான் அரசு கலை அறிவியல் கல்லூரி தேவைப்பட்டது. சிவகாசிக்கு அது வந்திருக்கிறது. சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளாகத் தோன்றியவை அரசுக் கல்லூரிகளாயின. 2007இல் கலைஞர் ஆட்சி அரசுக் கலைக் கல்லூரிகளின் பட்ட வகுப்புகளில் பயிற்றுக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய் என்றும், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு அந்த இரண்டு ரூபாய் மட்டுமே என்றும் வைத்தார்கள். ஐம்பது ரூபாயில் கல்லூரி வாசல்! எந்த நாட்டுக்காரர் கேட்டாலும் வியக்கத்தக்க செய்தி.

அந்த வியப்போடு நாம் ஒருநாள் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கூட்டம் பேசி இறங்கினோம். ஐம்பது ரூபாய்க் கல்லூரியைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் முழங்கியிருந்தோம். தேநீர்க் கடையருகே ஓர் அம்மையார் நம்மை நிறுத்தினார். விரல் இடுக்குகளில் அலுமினியத் தூளின் வெள்ளிப் பூச்சு. "தம்பி, நல்லாத்தான் பேசுனீக. காலேசுக்குக் காசு வாங்கலேன்னு சொன்னீக, சரி. எம்மக ஆபீசுக்குப் போகாம இருந்தா வாரச் சம்பளம் நிக்குமே, அதை யாரு குடுப்பா?" என்றார்.

நாம் நாவன்மைக்குப் பெயர் போனவர்கள் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அன்று வாய் திறக்கவில்லை. ஊர் திரும்பும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இதை எழுதுகிற நாம் பள்ளியிறுதியோடு நின்று, படிப்பகத்துப் பெஞ்சிலே மிச்சத்தைக் கற்றவர்கள். ஆனாலும் கூட்டல் கழித்தல் வரும்.

நாளொன்றுக்கு நானூறு ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். மாதம் இருபத்தைந்து நாள். பத்தாயிரம் ரூபாய். தீபாவளி முடிந்த பின் ஆலைகள் சிலகாலம் மூடிக் கிடக்கும், மழைக்காலத்தில் வேலை குறையும், ஆகவே ஆண்டுக்குப் பத்து மாதம் என்று குறைத்தே எண்ணுவோம். ஆண்டுக்கு இலட்ச ரூபாய். பட்டப்படிப்பு மூன்றாண்டு. மூன்று இலட்சம்! கட்டணமில்லாக் கல்லூரி என்று நாம் மேடையில் முழங்கிய கல்லூரிக்கு அந்தத் தாய் கட்டும் கட்டணம் மூன்று இலட்ச ரூபாய். ரசீது இல்லை, அவ்வளவுதான்.

2022 செப்டம்பர் 5ஆம் நாள் புதுமைப்பெண் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம். 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் என்று ஆண்பிள்ளைகளுக்கும் அது வந்தது. நாம் வரவேற்று எழுதினோம், இன்றும் வரவேற்கிறோம். ஆயிரம் ரூபாய் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும், பெண்ணின் கையிலே தன்பெயரில் ஒரு கணக்கு என்ற தலைநிமிர்வைத் தரும். ஆனால் முப்பத்தாறு மாதத்துக்கு முப்பத்தாறாயிரம். இழக்கும் மூன்று இலட்சத்தில் அது எட்டில் ஒரு பங்கைக் கூட எட்டவில்லை.

இந்தியா முழுமையும் பார்த்தால் உயர்கல்வியில் சேருவோர் நூற்றுக்கு 28 என்றும், தமிழ்நாட்டில் 47 என்றும் 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பு கூறிற்று. பெருமைதான். ஆனால் அந்த 47இல் அடங்காத மிச்சம் 53 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தேடப் புறப்பட்டால், அதிலே ஒரு கூட்டத்தை விடியற்காலை வேனிலே பார்க்கலாம்.

இனி மேல்நாட்டுச் செய்தி ஒன்று. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் ஜோலியட் என்று ஒரு தொழிலூர். கல் குவாரியும் எஃகு ஆலையும் நிறைந்த ஊர். 1901இல் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியோடு சேர்த்து, இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை ஊராரே தொடங்கினார்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம், இரண்டாண்டு முடித்தால் பெரிய பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். 1947இல் ட்ரூமன் அமைத்த குழு இதற்குச் 'சமுதாயக் கல்லூரி' என்று பெயரிட்டு நாடெங்கும் பரப்பச் சொன்னது. இன்று அங்கே அத்தகைய கல்லூரிகள் ஆயிரத்தை ஒட்டி இருக்கின்றன. பகலில் வேலை செய்வோர் இரவில் படிக்கிறார்கள். பேரன் படிக்கும் வயதில் பாட்டியும் சேருகிறாள். சிற்றூரும் சுற்றுப்புறக் கிராமமும் தங்கள் வரிப்பணத்தில் நடத்தும் கல்லூரி.

நம் நாட்டுக்கும் இந்தச் சொல் வந்தது. 1996இல் சென்னையில் கிறித்துவப் பேராயத்தார் சமுதாயக் கல்லூரி கண்டார்கள். பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. அதன் பின் பல்கலைக்கழக மானியக் குழுவும் திட்டம் தீட்டியது. சொல் வந்ததே தவிர, பொருள் முழுதாக வரவில்லை. தையலும் கணினித் தட்டச்சும் கற்பித்து ஒரு சான்றிதழ் கொடுப்பதோடு பல இடங்களில் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் நம் தோழர்களில் சிலர் முகம் சுருங்குவதைக் காண்கிறோம். தொழிற்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு 1953 நினைவு வரும். அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ஆச்சாரியார் கொண்டுவந்த திட்டம்! குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டி, தெருத்தெருவாய் எதிர்த்து, 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் கைவிடச் செய்த வரலாறு நமது இயக்கத்தின் இரத்தத்தில் ஊறியது. "பட்டாசுத் தொழிலாளியின் மகனுக்குப் பட்டாசுப் படிப்பா? இது வேறு வேடத்தில் வந்த குலக்கல்விதானே?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணினோம்.

ஆனால் எண்ணிப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிறது. குலக்கல்வியின் குற்றம் அது தொழிலைக் கற்பித்தது என்பதல்ல. தொழிலைக் கற்பிப்பது குற்றமென்றால் மருத்துவக் கல்லூரியும் குற்றம். குலக்கல்வியின் குற்றம், மேலே போகும் கதவை அடைத்தது. குயவன் மகன் குயவன், அதற்கு மேல் படி இல்லை என்றது. அமெரிக்கக் கல்லூரியிலே மேல்கதவு திறந்திருக்கிறது என்கிறார்கள். அங்கும் நடுவழியில் நின்று விடுவோர் பலர் உண்டு, நாம் அறிவோம், ஆயினும் கதவு என்று ஒன்று இருக்கிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை நாம் ஐயுறுவதும் இதனாலேதான். ஓராண்டு படித்தால் சான்றிதழோடு போகலாம், இரண்டாண்டு படித்தால் பட்டயத்தோடு போகலாம் என்று வெளியேறும் வாசல்களை வரிசையாக வைக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எந்த வாசலையும் திரும்பிப் பார்க்காமல் கடைசி வரை நடந்து போவான். வேன் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதல் வாசல் கண்ணில் படும். திரும்பி வரலாம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போன பிள்ளை திரும்பி வந்து படித்த கதையைக் கைவிட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே நாம் கேட்கும் சமுதாயக் கல்லூரிக்கு ஓர் உரைகல் உண்டு. தொழிலாளியின் மகளை இன்னும் கொஞ்சம் திறமையான தொழிலாளியாக்கி அனுப்புகிறதா, தொழிலாளியையே அந்த மருந்தின் சூத்திரம் அறிந்தவளாக்கி மேலே ஏற்றுகிறதா?

சூத்திரம் என்றோம். அதைச் சற்று விளக்க வேண்டும்.

2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம், பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது. பேரியம் நைட்ரேட்டுக்குச் சிவகாசியில் 'பச்சை உப்பு' என்று பெயர். மத்தாப்பிலே பச்சை ஒளி தருவது அதுதான். தீர்ப்பைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. சரம் பின்னிப் பிழைத்த பெண்களின் கை ஓய்ந்தது. 2021இலும் 2023இலும் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காற்றைக் கெடுக்காதே என்பது நியாயமான கட்டளைதான். நுரையீரல் டெல்லிக்காரருக்கும் உண்டு, மருந்து கலக்கும் தொழிலாளிக்கும் உண்டு. பின்னவரின் நுரையீரலைப் பற்றி இத்தனை வழக்குகள் நடந்தனவா என்பது வேறு கேள்வி, அதை இன்னொரு நாள் எழுதுவோம்.

பச்சை உப்பை விலக்கினால் பதிலுக்கு என்ன? அந்த வாய்பாட்டைக் கண்டது நாக்பூரிலுள்ள 'நீரி' என்ற மத்திய ஆய்வுக்கூடம். 'ஸ்வாஸ்', 'ஸ்டார்', 'சஃபல்' என்று பெயர்களையும் சூட்டி அனுப்பியது. வெடிபொருள் உரிமம் வழங்கும் தலைமை அலுவலகமும் நாக்பூரில்தான். பட்டாசுத் தொழிலில் 'நாக்பூர் லைசென்ஸ்' என்றால் பெரிய லைசென்ஸ் என்று பொருள். நாக்பூர் என்றவுடன் நம் வாசகர்கள் வேறெதையோ எண்ணிப் புன்னகைப்பது தெரிகிறது. நாம் அதைச் சொல்ல வரவில்லை!

நாம் சொல்ல வந்தது இது. நாட்டின் பட்டாசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைச் செய்வதாகச் சொல்லப்படும் ஊர். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் எந்த அளவில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் அறிந்த ஊர். அந்த ஊரைச் சுற்றிக் கல்லூரிகள் இத்தனை. வேதியியல் வகுப்புகளும் அவற்றிலே இல்லாமலில்லை. ஆயினும் வாய்பாடு நாக்பூரிலிருந்து வருகிறது! கைப்பழக்கம் ஒருபுறம், கரும்பலகை மறுபுறம். இரண்டுக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் சாலை, ஆனால் போக்குவரத்து இல்லை. கல்லூரியிலே பிள்ளை எரிதலின் சமன்பாட்டை மனப்பாடம் செய்கிறான். அவன் அம்மா அந்தச் சமன்பாட்டின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்கிறாள்.

அறியாமையின் விலை என்ன என்பதை அந்தச் சீமை அறியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முப்பத்தெட்டுக்குக் குறையாத உயிர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2023 அக்டோபர் 17, ஒரே நாளில் இரண்டு இடம். 2024 பிப்ரவரி 17. 2024 மே 9. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் ஏட்டிலே ஒரே வாசகம்: 'மருந்துக் கலவையின்போது உராய்வு'. உராய்வு எப்படி வந்தது? ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்றிருக்க, அதற்கு மேல் உட்கார வைத்தது எப்படி? உரிமம் ஒருவர் பெயரில், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவது வேறொருவர் என்றானது எப்படி? இவை காவல்துறையும் ஆய்வாளரும் பதில் சொல்ல வேண்டியவை. கல்லூரி வந்தால் உள்குத்தகை ஒழிந்துவிடும் என்று கதை அளக்க மாட்டோம். ஆனால் முந்திய நாள் மிஞ்சிய மருந்தை ஏன் தொடக்கூடாது, ஈரம் பட்ட அலுமினியத் தூள் ஏன் தானே சூடேறும் என்ற காரணத்தைத் தமிழிலே கற்றுத் தேர்ந்த ஒரு பெண், போர்மேனாக அந்த அறைக்கு வெளியே நின்றால், "இன்று வேலை இல்லை, எல்லோரும் வெளியே வாருங்கள்" என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்கும். எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்பவளுக்கு அந்த வாய் இல்லை.

2024 நவம்பர் 10ஆம் நாள் விருதுநகர் விழாவிலே முதலமைச்சர் ஸ்டாலின் ஓர் அறிவிப்புச் செய்தார். பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும், முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் என்றார். கேட்ட நமக்குக் கண் பனித்தது. எந்த அரசுக்கும் முன்னே தோன்றாத எண்ணம். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு ஒரு கேள்வி மிஞ்சியது. செத்தவரின் பிள்ளைக்குப் படிப்பு உண்டு. உயிரோடு வேனில் போகிறவரின் பிள்ளைக்கு?

1991இல் நேர்ந்த விபத்தைத் தானே கையிலெடுத்து விசாரித்த உச்ச நீதிமன்றம், 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பில், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பிலே ஓர் அறிவு இருந்தது. குழந்தையை வேலையிலிருந்து எடுத்தால் வீட்டின் வருமானத்தில் ஓட்டை விழும், அதை யாரேனும் அடைக்க வேண்டும் என்று அது கண்டது. குடும்பத்தில் பெரியவருக்கு வேலை கொடு, இல்லையேல் அரசும் 5,000 ரூபாய் சேர்த்துப் போடு என்றது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதன்முதலில் கால் ஊன்றிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. தீப்பெட்டிக் கட்டை அடுக்கிய பிஞ்சுக் கைகள் பெருமளவு விடுபட்டன. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒப்புக்கொண்ட அந்தக் கணக்கைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

எப்படி என்கிறீர்களா? மூன்று இலட்சத்தையும் அரசே கொடுக்கட்டும் என்று நாம் கேட்கவில்லை, கருவூலம் காமதேனு அல்ல. கல்லூரி வேனோடு மோதாமல் வேன் திரும்பும் நேரத்துக்குத் தன்னைத் திருப்பிக் கொள்ளட்டும். மாலைக் கல்லூரி தமிழ்நாட்டுக்குப் புதிதா? பகலில் குமாஸ்தாவாகக் கணக்கெழுதி, மாலையில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் நம் நகரங்களில் எத்தனை பேர்! குமாஸ்தாவுக்குக் கிடைத்தது குழாய் சுருட்டுகிறவளுக்குக் கிடைக்கலாகாதா? ஆலை மூடிக் கிடக்கும் தீபாவளிக்குப் பிந்திய வாரங்களில் முழுநாள் வகுப்பு, வேலை மும்முரமான ஆடி ஆவணியில் மாலை வகுப்பு என்று ஆண்டின் அட்டவணையையே அந்தச் சீமைக்கென்று வகுக்கட்டும். ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிய வேண்டும் என்பது யாரோ எழுதிய விதிதானே. வெம்பக்கோட்டைக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் இரவு எட்டரைக்கு ஒரு பேருந்து வேண்டும், பெண்பிள்ளை வீடு சேர. மகளிருக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்து 2021இல் வந்தது. கட்டணம் இல்லாத பேருந்தும், வராத பேருந்தும் பெண்ணுக்கு ஒன்றுதான் என்று ஆகிவிடக் கூடாது.

நாற்பது வயதுத் தாய்க்கும் அங்கே இடம் வேண்டும். பதினைந்தாண்டு மருந்தறை அனுபவத்துக்குப் பட்டப்படிப்பிலே மதிப்பெண் உண்டு என்று பல்கலைக்கழகம் ஒப்ப வேண்டும். பட்டாசோடு நில்லாமல் அச்சுத் தொழிலும் அங்கே பாடமாகட்டும். தீப்பெட்டி லேபிளில் தொடங்கி நாட்காட்டியும் பாடநூலும் அச்சடிக்கும் ஊர் அது. லைட்டர் வந்து தீப்பெட்டியை மிரட்டியது, 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரின் இறக்குமதியைத் தடுத்துத்தான் மூச்சு விட முடிந்தது. பட்டாசுக்கோ ஆண்டுதோறும் நீதிமன்றத்தில் ஆயுள் நீட்டிக்க வேண்டியிருக்கிறது. ஒற்றைத் தொழிலை நம்பிய ஊருக்கு இன்னொரு கதவு வேண்டாமா?

ஆசிரியர் விஷயம் ஒன்று மிச்சம். சொல்ல நமக்கே சங்கடம், ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தப் பத்திக்கு அழகல்ல. அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள். பெயரிலே கௌரவம், சம்பளத்தில் இல்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வெளியாயிற்று. தேர்வோ தள்ளிப் போயிற்று, மீண்டும் தள்ளிப் போயிற்று. கோட்டையிலே நமக்கு வேண்டியவர்கள் இருந்தபோது நேர்ந்தது என்பதற்காக மூடி மறைக்க நாம் தயாரில்லை. பிறர் ஆட்சியில் நடந்திருந்தால் நாம் என்ன தலைப்பிட்டு எழுதியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தோம், அதனாலேயே இங்கே சொல்கிறோம். நாளைக்கு நிரந்தரம் உண்டா என்று தெரியாத ஆசிரியர், மாலை ஏழு மணிக்கு, அலுமினியத் தூள் ஒட்டிய கைகளோடு தூங்கி விழும் மாணவிக்கு வேதியியல் நடத்த வேண்டும் என்றால், முதலில் அவருக்கு நிம்மதி வேண்டும்.

சிவகாசி 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. விருதுநகர் மாவட்டத்தை ஒன்றிய அரசு 2018இல் 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று பட்டியலில் சேர்த்தது. மாநகராட்சி என்று ஒரு கையில் பட்டம், பின்தங்கியது என்று மறு கையில் சான்று! அந்த மாநகராட்சியின் வருவாயில், ஆலை முதலாளிகளின் மகமையில், அரசின் மானியத்தில் ஆளுக்கொரு பிடி எடுத்தால் மாலைக் கல்லூரிக்குப் பணமா கிடைக்காது? 1885இல் உலை அரிசியில் பிடி எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே இன்று அந்த ஊரில் ஆலை வைத்திருப்பவர்களில் பலர். அன்று பள்ளி எழுப்பியது தம் இனத்துக்கென்று. இன்று எழுப்ப வேண்டியது தம் ஆலையிலே வேலை செய்யும் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் என்று. அரிசி ஒன்றுதான், கலயம்தான் பெரிது.

ஆவணியிலே அந்தச் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு மறுபடியும் நம்மைப் பேச அழைத்திருக்கிறார்கள். அந்த அம்மையாரும் வருவார், முன்வரிசையில் உட்காருவார். வாரச் சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்று மீண்டும் கேட்பார். கல்லூரிக் கல்வி இயக்குநரகத்தார் அதற்குள் ஒரு பதில் எழுதி அனுப்பினால், நாமே மேடையில் படித்துவிடுகிறோம்.